பஹாமாஸ் கரையில் மஞ்சள் வெஸ்ட்

ஃப்ளோரிடாவின் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவெரல் துறைமுகங்களிலிருந்து கரிபியன் பக்கம் புறப்படும் சொகுசுக் கப்பல்களில் பல, ஒரு பகலை பஹாமாஸின் ஏதாவது ஒரு தனியார் தீவில் கழிக்கின்றன. அங்கே மணலுக்குக் காசில்லை, சாய்வு நாற்காலிக்குக் காசில்லை, மதியச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். கடலில் முகம் கவிழ்த்து மீன் பார்க்க வேண்டுமென்றால்தான் தனிக் கணக்கு தொடங்கும். மாஸ்க், ஸ்நார்கெல் குழாய், காலில் மாட்டும் ஃபின்ஸ், இவற்றோடு வாயால் ஊதி நிரப்பும் ஒரு வெஸ்ட். முதல் மூன்றையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தவரைக்கூட, நான்காவதை மாட்டிக்கொண்டு வரச் சொல்லிப் பல தீவுகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கரையில் முணுமுணுப்பு எழுவது பெரும்பாலும் இந்த நான்காவது பொருளால்தான்.

தனியார் தீவு என்னும் ஏற்பாடு 1977இல் தொடங்கியது. நார்வீஜியன் நிறுவனம் பெர்ரி தீவுக்கூட்டத்தில் உள்ள கிரேட் ஸ்டிரப் கே என்ற சிறு தீவைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பயணிகளை அங்கே இறக்கியது. ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் 1996 டிசம்பரில் லிட்டில் சான் சால்வடார் என்ற தீவை 60 லட்சம் டாலருக்கு வாங்கி, ஹாஃப் மூன் கே என்று பெயர் சூட்டியது. 1998இல் டிஸ்னி கப்பல்கள் கோர்டா கே தீவை காஸ்ட்அவே கே ஆக்கின. ராயல் கரிபியன் 25 கோடி டாலர் செலவழித்து கோகோகே தீவைப் புதுப்பித்து 2019 மே மாதம் திறந்தது. தீவுகள் பஹாமாஸ் நாட்டுக்குள் இருந்தாலும், கரையில் எதற்கு அனுமதி, எதற்கு வாடகை, யார் எதுவரை நீந்தலாம் என்பதையெல்லாம் நடைமுறையில் தீர்மானிப்பது கப்பல் நிறுவனமே. வெஸ்ட் விதி பெரும்பாலும் நாட்டுச் சட்டமாக இல்லாமல் நிறுவன விதியாக இருப்பதும், அது தீவுக்குத் தீவு மாறுவதும் இதனால்தான்.

ஹாஃப் மூன் கே நசாவுக்குத் தென்கிழக்கே சுமார் 100 மைல் தொலைவில், எலூதெரா தீவுக்கும் கேட் தீவுக்கும் நடுவே இருக்கிறது. ஏறத்தாழ 2,400 ஏக்கர் பரப்பில் 50 ஏக்கர் அளவே கட்டடங்களுக்கும் பாதைகளுக்கும் போயிருக்கிறது. மிச்சம் உப்பங்கழியும் புதர்க்காடும் பறவைகளும். பெயருக்கேற்ற பிறைவடிவக் கடற்கரை நெடுந்தூரம் நீளும். ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, பயணிகளை டெண்டர் படகுகள் கரை சேர்ப்பதே இங்கே நெடுநாள் வழக்கம். காற்று கூடினால் டெண்டர் நிற்கும், தீவு நாளே ரத்தாகும். முன்கூட்டிப் பணம் கட்டிய வாடகை அப்படிப்பட்ட நாளில் அறைக் கணக்குக்குத் திரும்பி வந்துவிடும். கரையில் இறங்கிய பிறகு மனம் மாறியவருக்கு அது திரும்புவது அரிது.

வாடகைக் குடில் இறங்குதுறையிலிருந்து சற்று நடக்கும் தூரத்தில் இருக்கும். முதல் டெண்டரில் வந்தவர்கள் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொள்ள, பதினொரு மணிக்கு வருபவர்கள் வெயிலில் வரிசை கட்டி நிற்பார்கள். பணத்தாளுக்கு அங்கே வேலையில்லை. கப்பலில் அறைச் சாவியாகவும் கடன் அட்டையாகவும் இருக்கும் அதே அட்டையைக் காட்டினால் போதும், தொகை அறைக் கணக்கில் ஏறிவிடும். தன் பொறுப்பில் நீந்துவதாக ஒப்புக்கொள்ளும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் உண்டு. பிறகு வலைப்பை ஒன்றில் பொருள்கள் வரும். வெஸ்டின் முதுகில் மார்க்கரால் எழுதிய எண் பாதி அழிந்திருக்கும். ஊதுகுழாயின் வாயில் முந்தைய நாளின் மணல் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். அந்த மணலைக் கவனிக்க வேண்டும். வால்வில் மணல் சிக்கினால் காற்று மெல்லக் கசியும், கரையிலிருந்து ஐம்பது மீட்டர் போன பிறகுதான் அது தெரியவரும்.

வெஸ்ட் என்றால் லைஃப் ஜாக்கெட் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டின் வேலையும் நேர்மாறானது. கப்பல் அறையின் அலமாரியில் இருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், சர்வதேசக் கடல்பயணப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதிப்படி செய்யப்பட்டது. நினைவிழந்தவர் முகம் கவிழ்ந்து விழுந்தாலும் சில நொடிகளில் அவரை மல்லாக்கப் புரட்டி, வாயை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். விளக்கும் விசிலும் அதோடு இணைந்திருக்கும். அதைத் தீவுக்கு எடுத்துப் போகக் கூடாது, அது அவசரகாலத்துக்கானது. எடுத்துப் போனாலும் பயனில்லை. அதைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்து மீன் பார்ப்பது நடக்காத காரியம், ஜாக்கெட் விடாது.

ஸ்நார்கெல் செய்பவருக்கோ முகம் நீருக்குள்தான் இருந்தாக வேண்டும். அதனால் வெஸ்ட் மெல்லிய நைலானில், கழுத்தைச் சுற்றியும் மார்பின் முன்புறமும் காற்றுப்பையோடு தைக்கப்பட்டிருக்கும். வாயால் ஊதி வேண்டிய அளவு நிரப்பலாம், வால்வை அழுத்தி வேண்டிய அளவு இறக்கலாம். வளர்ந்தவர் ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்க உடலின் இயல்பான மிதப்போடு கூடுதலாக மூன்று முதல் ஐந்தரை கிலோ வரை மிதப்பு விசை இருந்தால் பொதுவாகப் போதும். முழுதாக ஊதிய வெஸ்ட் அதை எளிதாகத் தரும். ஆனால் மயங்கியவரைப் புரட்டிப்போடும் என்ற உறுதி அதற்கில்லை. கவிழ்ந்தவரைக் கவிழ்ந்தபடியேகூட அது மிதக்க வைத்துவிடலாம். வாடகைக் குடிலில் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி இதுதான், தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தியும் இதுதான்.

பிறகு எதற்கு இந்தக் கட்டாயம்? முதல் காரணம் களைப்பு. கப்பலில் வருபவர்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை கடலில் இறங்குபவர்கள் அதைவிட அதிகம். நீச்சல் தெரிந்தவருக்கும் குழாய் வழியாக மூச்சுவிடுவது பழக்கமில்லாத வேலை. நீரின் அழுத்தம் மார்பை நெருக்க, குழாயின் தடையையும் மீறிக் காற்றை இழுக்க வேண்டும்; வெளியேவிட்ட காற்றில் ஒரு பங்கு குழாயிலேயே தங்கி மறுபடி உள்ளே போகும். ஐரோப்பியத் தரவிதி பெரியவர்களுக்கான குழாயின் நீளத்தை 38 செ.மீ.க்குள் கட்டுப்படுத்தியிருப்பது இதனால்தான். நீளக் குழாய் இருந்தால் ஆழத்துக்குப் போகலாம் என்று நினைப்பது ஆபத்தான கற்பனை. மூச்சு முட்டும் அந்த நேரத்தில், கால் எட்டாத ஆழத்தில், ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டும். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வெஸ்டின் மேல் மல்லாந்து கிடந்தால் அந்த இடம் கிடைத்துவிடும்.

இரண்டாவது காரணம் பார்வை. குப்புற அசையாமல் மிதப்பதுதான் ஸ்நார்கெலிங்கின் இயல்பான தோற்றம். நினைவு தப்பியவரின் தோற்றமும் அதுவே. கையை வீசிக் கூப்பாடு போடுவதெல்லாம் பெரும்பாலும் திரைப்படத்தில்தான். இதயம் நின்றவரும் மூச்சடைத்தவரும் சத்தமின்றிப் போய்விடுகிறார்கள். ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் கடலில் மூழ்கி இறக்கும்போது அவர்கள் அதிகமாக ஈடுபட்டிருந்த செயல் ஸ்நார்கெலிங்தான். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வெஸ்ட் இருந்தால், நீருக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எல்லை மிதவையைத் தாண்டினார்கள், யார் வெகுநேரமாக ஒரே இடத்தில் கிடக்கிறார்கள் என்பதை லைஃப்கார்டு கோபுரத்திலிருந்து ஒரு பார்வையில் எண்ணிவிட முடியும். வெளிர்நீல நீரில் கறுப்பு நீச்சலுடையோடு வெறுமனே மிதக்கும் ஒருவரைப் பாறை நிழலிலிருந்து பிரித்தறிவது கடினம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் விலக்கு தராததற்கு இந்த எண்ணிக்கைதான் அடிப்படை என்று வைத்துக்கொண்டால், விதி அவ்வளவு அபத்தமாகத் தெரியாது.

மூன்றாவது காரணம் பவளத்துக்கானது. மிதப்பவர் பவளத்தின் மேல் ஏறி நிற்க மாட்டார், ஃபின்ஸால் உதைத்து உடைக்க மாட்டார். மெக்சிகோவின் கரிபியன் கரையில் புவெர்ட்டோ மொரெலோஸ் போன்ற காப்பகங்களில் ஜாக்கெட் கட்டாயம் என்பதற்குப் பின்னால் இந்த அக்கறைக்கும் பங்குண்டு. பஹாமாஸ் தனியார் தீவுகளின் மணல் விரிகுடாக்களில் இந்தக் காரணம் அவ்வளவாகப் பொருந்தாது. மிதிக்க அங்கே பவளம் குறைவு.

நிறுவன விதிக்கும் அரசு விதிக்கும் உள்ள வேறுபாட்டை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தெளிவாகப் பார்க்கலாம். கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் 2016இல் தொடர்ந்து நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு, 2018இல் அங்கே விதிமுறைத் தொகுப்பு கடுமையாக்கப்பட்டது. வயதாலோ இதய, சுவாச நோயாலோ ஆபத்து கூடியவர்கள் தங்களை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அவர்கள் மிதவையோடு, தனியே அடையாளம் தெரியும்படி, துணையோடு இறங்க வேண்டும். ஆளைப் பார்த்து விதி மாறுகிறது. பஹாமாஸ் தீவுகளில் ஆளைப் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே வெஸ்ட். நிர்வாகத்துக்கு அது எளிது. அறுபத்தெட்டு வயதில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டு அனுப்பும் குயின்ஸ்லாந்து முறைதான் மேல்.

இனி பணம். மாஸ்க், குழாய், ஃபின்ஸ், வெஸ்ட் சேர்ந்த முழுத் தொகுப்புக்கு ஒரு நாள் வாடகை நிறுவனத்தையும் பருவத்தையும் பொறுத்துச் சுமார் 20 டாலரிலிருந்து 45 டாலர் வரை இருக்கும். வெஸ்ட் மட்டும் தனியே தரும் இடங்களில் அது 5 முதல் 15 டாலர். எல்லாத் தீவிலும் இப்படிப் பிரித்துத் தருவதில்லை. சில இடங்களில் தொகுப்பாக எடுத்தால்தான் உண்டு. சொந்தமாக மாஸ்க் வைத்திருப்பவரும் முழு வாடகை கட்ட நேரும். பஹாமாஸ் டாலர் அமெரிக்க டாலரோடு ஒன்றுக்கு ஒன்று சமமாக நிலைநிறுத்தப்பட்டது, மாற்றுவிகிதக் குழப்பமில்லை. நாட்டின் மதிப்புக்கூட்டு வரி 2022 ஜனவரி முதல் 10 சதவீதம். விலைப்பலகையில் எழுதிய தொகையில் அது சேர்ந்திருக்கிறதா, கணக்கில் தனியாக ஏறுமா என்பதைக் கேட்டுவிட்டே அறை அட்டையை நீட்டுவது நல்லது.

நால்வர் கொண்ட குடும்பம் தலைக்கு 35 டாலர் வீதம் எடுத்தால் 140 டாலர். கரையில் இருக்கும் ஆறு மணி நேரத்தில், குழந்தைகள் நீருக்குள் உண்மையில் ஸ்நார்கெல் செய்வது முக்கால் மணி நேரம். மீதி நேரம் ஃபின்ஸ் மணலில் கிடக்கும். ஒரே பயணத்தில் இரண்டு மூன்று கடற்கரை நிறுத்தங்கள் இருந்தால் வாடகை ஒவ்வொரு தீவிலும் புதிதாகத் தொடங்கும். மாறாக, கடையில் ஓரளவு நல்ல மாஸ்க்கும் குழாயும் 30 முதல் 60 டாலருக்கும், ஊதும் வெஸ்ட் 20 முதல் 40 டாலருக்கும் கிடைக்கின்றன. காற்றை இறக்கிச் சுருட்டினால் வெஸ்ட் ஒரு துண்டைவிடக் குறைந்த இடத்தை அடைக்கும். பெட்டியில் இடத்தைத் தின்பது ஃபின்ஸ்தான், அதை வீட்டில் விட்டுவிடலாம். அமைதியான விரிகுடாவில் அது இல்லாமலே நீந்தலாம். மூன்றாவது நிறுத்தத்துக்குள் சொந்தப் பொருளின் விலை பெரும்பாலும் ஈடாகிவிடும். கொண்டுவந்த வெஸ்டை ஏற்பார்களா என்பதை மட்டும் புறப்படும் முன் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பளிச்சென்ற நிறத்தில், ஊதிக் கட்டும் வெஸ்டாக இருந்தால் ஏற்பவர்கள் உண்டு. தங்களுடைய வெஸ்ட்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களும் உண்டு. குளத்தில் மிதக்கவிடும் நுரைக்குச்சியையும் காற்றடைத்த வளையத்தையும் வெஸ்டுக்கு ஈடாக எங்கும் கணக்கில் எடுப்பதில்லை.

மாஸ்க்கைச் சொந்தமாக வைத்துக்கொள்வதற்குக் காசைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கில் நீர் புகும், நீர் புகுந்தால் பதற்றம் வரும், பதற்றத்தில்தான் மூச்சு கெடும். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால், கையை எடுத்த பிறகும் அது ஒட்டி நிற்க வேண்டும். இந்தச் சோதனையைக் குடிலின் முன்னே வரிசையில் நின்றபடியே செய்து பார்த்துவிடலாம். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் கசிவு நிச்சயம். அடர்த்தியான மீசையில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் குறையும். கண்ணாடி அணிகிறவர்கள் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்க வேண்டும், சில குடில்களில் வைத்திருக்கிறார்கள்.

வெஸ்டை மாட்டுவதில் பெரும்பாலோர் விடும் பிழை கால்களுக்கிடையே போகும் பட்டையைத் தொங்கவிடுவது. அது அநாகரிகமாகத் தெரிகிறது என்று கூச்சப்பட்டுக் கட்டாமல் விட்டவரின் வெஸ்ட், நீரில் இறங்கியதும் மேலே ஏறி இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். உடல் கீழே தொங்கும். பட்டையை இடுப்போடு இறுக்கிக் கட்டினால்தான் காற்றுப்பை மார்பில் நிற்கும். இரண்டாவது பிழை, கரையிலேயே முழுதாக ஊதிவிடுவது. அப்படிச் செய்தால் மார்பு தூக்கி, தலை பின்னால் சாய, முகத்தை நீருக்குள் வைக்கவே கழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். எரிச்சலில் காற்று முழுவதையும் இறக்கிவிட்டு, வெறும் மஞ்சள் துணியாக அதை அணிந்து நீந்துபவர்கள் ஏராளம். விதி நிறைவேறியது போலத் தெரியும், பயன் பூஜ்யம். இடுப்பளவு நீரில் நின்று மூன்று நான்கு மூச்சு ஊதி, குப்புறப் படுத்துப் பார்த்து, உடல் தானாக நீர்மட்டத்தில் கிடக்கும் அளவில் நிறுத்துவதே சரி. ஊதியபின் வால்வு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். களைத்தபோது மேலும் ஊதலாம் என்பதை நம்பியிருக்கவும் கூடாது. மூச்சு வாங்கும் வேளையில் ஊதும் பலம் இருக்காது. பாதிக்குக் குறையாமல் எப்போதும் காற்று இருக்கட்டும்.

துணை இல்லாமல் இறங்கக் கூடாது என்ற பழைய விதியை வெஸ்ட் ரத்து செய்துவிடவில்லை. ஒருவர் முகம் கவிழ்த்திருக்கும்போது மற்றவர் தலை தூக்கிப் பார்ப்பது என்று முறை வைத்துக்கொண்டால், கோபுரத்தில் இருப்பவரைவிட அருகில் ஒரு கண் கிடைக்கும். காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ இருமல் வந்தாலோ உடனே குழாயை எடுத்துவிட்டு மல்லாந்து, கையசைத்து அழைக்க வேண்டும். நீந்திக் கரை சேர்ந்துவிடலாம் என்று முயல்வது நிலைமையை மோசமாக்கும். கரையில் பச்சைக்கொடி பறந்தால் கடல் அமைதி, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதாக்கொடி கண்டால் ஜெல்லிமீன் போன்றவை வந்திருக்கின்றன என்று பொருள்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு நீருக்கடியில் என்ன இருக்கிறது என்பது தீவைப் பொறுத்தது. ஹாஃப் மூன் கேயின் பிறைக்கரை நீந்துவதற்கு அருமையானது, மீன் பார்ப்பதற்குச் சுமார். வெண்மணல் தரையில் வரி வரியாக வெளிச்சம் ஓடும். எப்போதாவது ஒரு திருக்கை மணலை உதறி எழுந்து போகும். பாறை தொடங்கும் ஓரங்களுக்குப் போனால்தான் கறுப்புப் பட்டை போட்ட சார்ஜன்ட் மேஜர் மீன்களும் கிளிமீன்களும் கூட்டமாகத் தென்படும். அங்கே கரையிலிருந்தே மீன் பார்க்க முழுத் தொகுப்பு எடுப்பது நட்டம். பவளப்பாறைக்குப் படகில் அழைத்துப் போகும் கரைச் சுற்றுலா விலை கூடினாலும் அதில் வெஸ்டும் மற்றவையும் வழிகாட்டியும் சேர்ந்தே வரும். காஸ்ட்அவே கேயில் கதை வேறு. மிதவைக் கயிற்றால் வளைத்த ஒரு காயலை ஸ்நார்கெலிங்குக்கென்றே ஒதுக்கி, மிக்கி, மின்னி சிலைகளையும் இன்ன பிற பொருள்களையும் அடியில் மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். சிறுவர்களுக்குத் தேடல் விளையாட்டாகவே அது அமைந்துவிடுகிறது. அங்கும் கோகோகேயிலும் கடற்கரையில் குளிப்பவர்களுக்கு நுரை அடைத்த சாதாரண லைஃப் ஜாக்கெட் வாடகையின்றித் தரப்படுகிறது. நீச்சல் தெரியாத குழந்தைக்கு அதைத்தான் போட வேண்டும். ஊதும் வெஸ்டை நம்பிச் சிறு பிள்ளையை விடுவது தவறு.

கடைசி டெண்டருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே குடிலில் பொருள்களைத் திருப்பித் தந்துவிடுவது நல்லது. திரும்பாத பொருளின் விலை அறைக் கணக்கில் ஏறும். அதனால் ஒப்படைத்ததைப் பட்டியலில் குறித்துக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டே நகர வேண்டும். வெஸ்டைக் கொடுக்கும் முன் காற்றை இறக்கிவிட்டால் ஊழியருக்கு உதவி. வால்வில் கசிவு கண்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வெஸ்ட் மறுநாள் காலை வேறொருவர் கழுத்தில் ஏறும்.